மரத்தால் எழுதிய ஓவியம்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழர் வீட்டுக் கூடங்களில் பலகாலும் காணப்படும் பொருள்களுள் ஒன்று, கரிய மரப்பலகையில் யானை ஊர்வலமோ கீதோபதேசக் காட்சியோ விளங்கும் சுவர்ப்படம். ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் மைசூரில் வாங்கி வந்ததாக இருக்கும். அன்றி, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடையொன்றில் வாங்கியதாக இருக்கும். பார்ப்பவருள் பெரும்பாலோர் அதனை ஓவியம் என்றே எண்ணிக் கடந்து போகின்றனர். உண்மையான கைவேலையாயின், அப்படத்தில் உருவங்களின் நிறத்துக்காகத் தூரிகை பட்ட இடமே இராது. யானையின் உடல் ஒரு மரம். அதன்மேல் விரித்த சால்வை இன்னொரு மரம். பாகனின் முண்டாசு மூன்றாவது மரம். அந்தி வானம் நான்காவது மரம். ஒவ்வொன்றும் தனித்தனியே அறுத்தெடுக்கப்பட்டுப் பக்கத்துத் துண்டோடு மயிரிழை இடைவெளியும் இன்றிப் பொருத்தப்பட்டது. இந்த வேலை எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, மலாயாவில் வாழும் தமிழனுக்கு இதனோடு என்ன உறவு என்பதைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘மரப்பதிப்பு’ என்று சிலர் எழுதுகின்றனர். பதிப்பு என்றவுடன் தமிழாசிரியருக்கு அச்சுப் புத்தகமே நினைவுக்கு வரும். தமிழில் இதற்குப் பொருத்தமான வேறொரு சொல் நெடுங்காலமாக இருக்கிறது. கல் இழைத்த அட்டிகை, கல் இழைத்த மூக்குத்தி என்று பெண்கள் இன்றும் சொல்கின்றனர். அங்கே இழைத்தல் என்பது பதித்துப் பொருத்துதல். தச்சனோ, பலகையைச் சீவி வழவழப்பாக்குவதை இழைத்தல் என்பான்; அவன் கருவி இழைப்புளி. ஒரே சொல் பொற்கொல்லன் பட்டறையில் பதிப்பதையும் தச்சன் பட்டறையில் சீவுவதையும் குறிக்கிறது. இந்த வேலையிலோ இரண்டும் உண்டு: மரத்தை மரத்தில் பதித்து, பிறகு மேற்பரப்பு முழுவதையும் ஒரே சமமாகச் சீவித் தேய்க்க வேண்டும். ஆகவே ‘மர இழைப்பு’ என்று சொல்வதில் பிழையில்லை. இக்கட்டுரையில் அச்சொல்லே வழங்கப்படும்.

பழந்தமிழர் இத்தகைய நுண்ணிய வேலையை அறியாதவர் அல்லர். நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் விரிவாக வருணிக்கப்படுகிறது. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தைக் கொண்டு, கைதேர்ந்த கம்மியன் கூரிய உளியால் இலைவடிவம் அமையச் செய்த கட்டில் அது. அங்கே உளிதான் பேசப்படுகிறது, ரம்பம் அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் மர இழைப்பின் வரலாறு பெரும்பாலும் கருவியின் வரலாறே. எத்தனை அரிய மரம் கையில் இருந்தாலும், எத்தனை அழகிய வரைபடம் இருந்தாலும், அறுக்கும் அலகு தடித்திருந்தால் ஓவியம் உண்டாகாது.

எகிப்தில் தூத்தன்காமன் என்ற அரசனின் கல்லறை 1922ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, கருங்காலித் துண்டுகளும் தந்தத் துண்டுகளும் ஆயிரக்கணக்கில் ஒட்டிய பெட்டி ஒன்று கிடைத்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வேலை அது. ஆயினும் அத்துண்டுகள் பெரும்பாலும் சதுரமும் கோடுமாகவே அமைந்தவை. வளைவான உருவத்தை மரத்தில் பொருத்துவது வேறு வித்தை. அதற்கு மனிதன் நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய நாட்டுத் தச்சர் அந்த வித்தையை உச்சிக்குக் கொண்டு சென்றனர். உர்பினோ நகரத்துத் தலைவனாகிய பெதெரிகோ தா மோன்தெபெல்த்ரோ தன் அரண்மனையில் சிறிய படிப்பறை ஒன்றை அமைத்தான்; 1476ஆம் ஆண்டு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த அறையின் சுவரில் பாதி திறந்த அலமாரிகள் தெரிகின்றன. உள்ளே புத்தகங்கள், இசைக்கருவிகள். ஓரிடத்தில் ஓர் அணில். எல்லாம் தட்டையான மரப்பலகையே. கதவு திறந்திருப்பதாகக் கண் நம்புகிறது. கை நீட்டினால் சுவர்தான் தட்டுப்படும். குப்பியோ நகரத்தில் அவனுக்காகச் செய்த இன்னொரு படிப்பறையை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலை 1939இல் விலைக்கு வாங்கியது. இன்றும் அங்கே காணலாம்.

இவ்வேலைக்கு அவர்கள் கையாண்ட இரண்டு உத்திகள் ஆசிரியர்கள் மாணவர்க்குச் சொல்லத் தக்கவை. நிழல் காட்ட வேண்டிய இடத்தில் அவர்கள் சாயம் தீட்டவில்லை. ஓர் இரும்புச் சட்டியில் மணலைச் சூடேற்றி, மெல்லிய மரத்துண்டின் ஓரத்தை அதில் செருகினர். மணலின் அடிப்பாகத்தில் சூடு மிகுதி, மேலே குறைவு. ஆகவே துண்டின் விளிம்பு கருத்து, உள்ளே போகப் போகப் பழுப்பாகி, பின் இயல்பான நிறத்தில் கலந்துவிடுகிறது. இன்றும் நிழலுக்கு இதனினும் நல்ல வழி கண்டவர் இலர். மற்றது பச்சை நிறம். பச்சையான மரம் உலகில் அரிது. காட்டில் விழுந்து மட்கும் சில மரங்களில் ஒருவகைக் காளான் புகுந்து, மரத்தையே நீலப்பச்சையாக மாற்றிவிடும். அந்த மரத்தைத் தேடி எடுத்து வந்து இலைக்கும் கிளியின் சிறகுக்கும் பயன்படுத்தினர். நோய் கண்ட மரமே அவர்களுக்கு வண்ணப்பெட்டி ஆயிற்று.

ஆனால் இத்தாலியரின் கருவி பெரும்பாலும் கத்தியும் உளியும். ஒரு துண்டைச் செதுக்கி, அதே வடிவத்தில் பலகையில் பள்ளம் தோண்டி, மீண்டும் மீண்டும் வைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஓர் அறைக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பு. அரசனும் திருச்சபையுமன்றி வேறு யாரால் அதற்குக் கூலி கொடுக்க முடியும்?

இந்நிலையை மாற்றியது ரம்பம். வில்போல் வளைந்த சட்டத்தில், தையல் நூலைவிடச் சற்றே தடித்த அலகைப் பூட்டிய சிறு ரம்பம். இதனைப் பள்ளிக்கூடங்களில் பிரெட்சா என்பர். மலாய் மொழியில் கெர்காஜி லெங்குங் ஹாலுஸ், அதாவது நுண்ணிய வளைவு ரம்பம். அலகு நூல் போன்றது ஆகையால் நடுவில் நின்றே திரும்பும். எந்த வளைவையும் அறுக்கும். பலகையில் ஊசித் துளையிட்டு அலகை அதனுள் கோத்துப் பூட்டினால், ஓரத்தைத் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம்.

பிரெஞ்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் வாழ்ந்த ஆந்திரே சார்ல் பூல் (1642–1732) என்பவர் இந்த ரம்பத்தின் முழு ஆற்றலையும் வெளிப்படுத்தினார். 1672இல் அரசருடைய மரவேலைக்காரராக நியமிக்கப்பட்டு, லூவர் அரண்மனையிலேயே குடியிருக்க இடம் பெற்றவர் அவர். ஆமையோட்டுத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டையும் சேர்த்து ஒரே முறையில் அறுத்தார். அறுத்த பிறகு பித்தளைப் பூவை ஆமையோட்டின் இடைவெளியில் வைத்தால் ஒரு படம். ஆமையோட்டுப் பூவைப் பித்தளையின் இடைவெளியில் வைத்தால் இன்னொரு படம். ஒரு வெட்டுக்கு இரண்டு படங்கள், ஒன்றுக்கொன்று மறுதலையாக. இரண்டு அலமாரிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றில் முதற்படமும் மற்றதில் மறுபடமும் பதித்து அழகு பார்த்தனர் அக்காலத்துச் செல்வர். இம்முறையை அவர் முதன்முதலாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. அவருக்கு முன்பே வழங்கியது. அவர் பெயரால் அது நிலைத்தது என்பதே சரி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ரம்பம் அறுக்கும்போது தன் அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கி விடுகிறது. அந்த வெட்டுவாய் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே இடைவெளியாக நிற்கும். அதில் வச்சிரப் பசையோடு மரத்தூளைக் குழைத்து அடைப்பது ஒரு வழி. படத்தில் கருங்கோடாகத் தெரியும். அதனினும் நேர்த்தியான வழி, மேசையைச் சற்றே சாய்த்து அறுப்பது. அவ்வாறு அறுத்தால் மேற்பலகையின் துண்டு, தக்கைபோல் மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். அதனைக் கீழ்ப்பலகையின் துளையில் இறக்கினால், இறங்கும் வழியிலேயே இடைவெளி மூடிக்கொள்ளும். எத்தனை பாகை சாய்ப்பது? இது வகுப்பறைக் கணக்கு. வெட்டுவாயின் அகலத்தைப் பலகையின் கனத்தால் வகுக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள பலகை, அரை மில்லிமீட்டர் வெட்டுவாய் என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவு. கோணம் ஏறக்குறைய 5 பாகை. தச்சர் வெனீர் என வழங்கும் மெல்லிய தகடு ஒரு மில்லிமீட்டர் கனம், வெட்டுவாய் கால் மில்லிமீட்டர் என்றால், கோணம் ஏறக்குறைய 14 பாகை. பலகை மெலிய மெலியச் சாய்வு மிகும். முக்கோண இயல் எதற்குப் பயன் என்று கேட்கும் மாணவனுக்கு இதனைக் காட்டலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரம்பத்தின் அலகுகள் ஆலையில் மலிவாகச் செய்யப்பட்டன. தையல் இயந்திரம்போல் காலால் மிதித்து ஓட்டும் ரம்பங்கள் அமெரிக்காவில் வீடுதோறும் விற்பனைக்கு வந்தன. இங்கிலாந்தில் நார்போக் வட்டாரத்து டீரம் என்ற சிற்றூரில் இருந்து ஹாபீஸ் என்ற நிறுவனம் 1895ஆம் ஆண்டு முதல் கிழமை இதழ் ஒன்றை வெளியிட்டு, அதனோடு வரைபடத் தாள்களையும் அனுப்பியது. அரசன் அரண்மனையில் இருந்த வித்தை அடுப்பங்கரை மேசைக்கு வந்துவிட்டது. அதே காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் கைவேலை நுழைந்தது. பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் என்பவரின் முயற்சியால் 1866இல் கைவேலை தொடக்கப்பள்ளிப் பாடமாயிற்று. சுவீடனில் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன் நடத்திய பயிற்சிக் கல்லூரிக்குப் பல நாட்டு ஆசிரியர்களும் சென்று கற்றனர். கத்தியும் ரம்பமும் பிடித்த கை, எழுதுகோலையும் நேராகப் பிடிக்கும் என்பது அவர்கள் கொள்கை. இந்தியாவில் 1937இல் வார்தாவில் காந்தியடிகள் வகுத்த ஆதாரக் கல்வியும், வேறு வழியில் வந்ததாயினும், கைத்தொழிலையே கல்வியின் நடுவில் வைத்தது.

இனி மைசூருக்கு வருவோம்.

தென்னிந்தியாவில் மரத்தில் தந்தம் பதிக்கும் வேலை பல இடங்களில் இருந்தது. விசாகப்பட்டினத்துக் கம்மியர் தந்தத்தில் நுண்கோடு கீறி, அதில் கரிய அரக்கை நிரப்பி ஓவியம் தீட்டினர். தஞ்சாவூர் வீணையின் குடத்திலும் தண்டியிலும் பதிப்பு வேலைகளைக் காண்கிறோம். ஆனால் இது ஒரு நகரத்தின் பெயரோடு இணைந்து நிலைத்தது மைசூரில்தான். சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கல்லறை மண்டபத்துக்குத் தந்தம் இழைத்த கருமரக் கதவுகளை 1855இல் டல்ஹௌசி பிரபு அளித்தார். திப்புவின் அரசை வீழ்த்தியவர்களின் வழிவந்தவரே அவன் கல்லறைக்குக் கதவு கொடுத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. பிறகு 1897இல் மைசூர் மன்னரின் மர அரண்மனை திருமண விழாவின்போது தீக்கிரையாயிற்று. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தை முடித்துக் கொடுத்த ஹென்றி இர்வின் புதிய அரண்மனையை வரைந்தார். 1912இல் அது நிறைவேறியது. அதன் அம்பா விலாச மண்டபத்துக்குச் செல்லும் நூக்கமரக் கதவில் தந்த இழைப்பைக் காண்போர், அக்காலக் கைவினைஞரின் தரத்தை அறிந்துகொள்வர்.

நூக்கம் என்பது இலக்கிய வழக்கு. தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் மக்கள் வழங்குவர். ஊதாநிறம் கலந்த கரும்பழுப்பு. கண்ணைக் கவரும் வரிகள் உடையது. கனமும் உறுதியும் மிக்கது. இதனையே மைசூர்த் தொழிலாளர் பின்புலமாகக் கொள்கின்றனர். மண்டி மொகல்லா முதலிய பகுதிகளில் பட்டறைகள் உள்ளன. தொழிலாளருள் முஸ்லிம் குடும்பத்தினர் பலர். அவர்கள் கையில் கண்ணனும் அர்ச்சுனனும் உருவாகின்றனர் என்பதில் வியப்பொன்றும் இல்லை. நல்ல தொழிலாளி வரைபடத்தைக் காண்கிறான், மரத்தைக் காண்கிறான்.

வேலை நடக்கும் முறை இது. முதலில் படத்தைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் இட்டு, மரத்தின் வரி ஓடவேண்டிய திசையை அம்புக்குறியால் காட்டுவர். இந்த அம்புக்குறியில்தான் கலைஞன் வெளிப்படுகிறான். ஆற்றுநீருக்குக் கிடைவரி, பனைமரத்துக்கு நெடுவரி, மலைச்சரிவுக்குச் சாய்வரி. ஒரே மரத்தின் இரண்டு துண்டுகள் வரிமாறி நின்றால் வெவ்வேறு நிறம்போல் ஒளிவிடும். பிறகு தாளைப் பிரித்து வெட்டி அந்தந்த மரத்தில் ஒட்டி, பிரெட்சாவால் அறுப்பர். மஞ்சளுக்குப் பலா, இளமஞ்சளுக்குச் செண்பகம், கருமைக்குக் கருங்காலி. பின்புலப் பலகையில் உருவத்தின் எல்லையைக் கீறிப் பள்ளம் எடுத்துத் துண்டுகளைப் பசையிட்டுப் பதிப்பர். காய்ந்தபின் தேய்த்துச் சமப்படுத்தி, முகத்தின் கண் மூக்கு, மரத்தின் இலைநரம்பு ஆகியவற்றை உளிமுனையால் கீறிக் கருமை நிரப்பி, மெருகு ஏற்றுவர். ஆக, பிரெஞ்சுக்காரரின் ரம்பமும் நம்மவர் உளியும் மைசூரில் ஒரே பட்டறையில் வேலை செய்கின்றன.

யானைத் தந்தத்தின் காலம் முடிந்துவிட்டது. இந்திய யானைத் தந்த வாணிகத்தை 1986இலும், இறக்குமதியான தந்த வாணிகத்தை 1991இலும் இந்தியச் சட்டம் தடுத்தது. தந்தம் போனதால் கலை அழியும் என்று அஞ்சியவர்களும் உண்டு. நடந்தது வேறு. வெண்மைக்குப் பிளாஸ்டிக்கைப் புகுத்தியோர் சிலர். வெளிறிய மரத்தை நாடியோர் பலர். தந்தம் இருந்தவரை மரம் வெறும் பின்புலமாக நின்றது. தந்தம் போனபின் மரமே ஓவியமாயிற்று. கலைக்கு இது இழப்பன்று. நூக்கமரத்துக்கோ இப்போது நெருக்கடி. அவ்வினம் முழுவதும் 2017ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஏற்றுமதிக்குச் சான்றிதழ் வேண்டும். புவிசார் குறியீடு பெற்ற தொழிலாக இருந்தும், மரத்தின் விலையும் இளைஞர் வராமையும் பட்டறைகளை வாட்டுகின்றன.

மைசூர்த் தொழிலாளி பின்புலத்துக்குக் கரிய மரத்தைத் தேடுகிறான். வெளிறிய மரமோ மலாயாத் தமிழனின் வாசலிலேயே நின்றது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பால்மரம் எனத் தோட்டத்து மக்கள் அழைக்கும் ரப்பர் மரம் 1877இல் சிங்கப்பூர் வழியாக இத்தீபகற்பத்துக்கு வந்தது. அதனை நட்டு, களையெடுத்து, பால் வெட்டியவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். ஏறக்குறைய இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்தபின் மரம் வெட்டி வீழ்த்தப்படும். அந்த மரத்துக்கு நெடுங்காலம் மதிப்பே இல்லை. விறகாகவும் கரியாகவும் எரிந்து போயிற்று. காரணம் உண்டு. பால்மரத்தில் மாச்சத்து மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம்பாரிக்கும்; வண்டு துளைத்து மாவாக்கிவிடும். அறுத்தவுடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் இக்கேடு வாராது என்று கண்டபின்பே அது பலகையாயிற்று. இந்த ஆய்வில் கோலாலம்பூருக்கு அருகே கெப்போங்கில் 1929இல் நிறுவப்பெற்ற வன ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் மரம் நட்டுக் காடாக்கிய நிலையம் அது. 2025இல் அதன் வனப்பூங்கா உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1980களில் இருந்து பால்மரப் பலகை மலேசிய மேசை நாற்காலித் தொழிலின் முதுகெலும்பாக விளங்குகிறது. வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு ‘மலேசிய ஓக்’ என்று ஒரு பட்டப்பெயரும் சூட்டினர். நிறம் வெண்மஞ்சள், சில வேளை இளஞ்சிவப்புச் சாயல். வரி அடக்கமானது. அறுக்க இணக்கமானது. மர இழைப்பில் முகத்துக்கும் முகிலுக்கும் வேண்டிய நிறம் இதுவே.

தோட்டத்துப் பிள்ளையோ அந்த மரத்தின் பாலை அறிந்தான், விறகை அறிந்தான், பலகையை அறியவில்லை. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, ஓரினத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்குமாறு பணிக்கலாம். பள்ளி வந்தது, எழுத்தும் எண்ணும் வந்தன, அதற்கு மேல் வந்தது சொற்பம். மலாய்ப் பள்ளிகளின் நிலை இதனின் வேறு. வின்ஸ்டெட் துரை ஜாவாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் சென்று கண்டு வந்து 1917இல் அளித்த அறிக்கையினால், கூடை முடைதலும் தோட்ட வேலையும் அங்கே பாடமாயின. 1922இல் தஞ்சோங் மாலிமில் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர்களே இவற்றைக் கற்றனர். குடியானவன் மகன் குடியானவனாகவே இருக்கட்டும் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தில் இருந்தது என்று பின்னாளில் மலாய் அறிஞர்கள் குறைகூறினர். குறை உண்மையே. ஆயினும் அக்கல்லூரியில் ஒரு கைத்தொழிலாவது முறைப்படி கற்பிக்கப்பட்டது. தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அந்த அரைகுறை நன்மையும் கிட்டவில்லை. கோலாலம்பூரில் தச்சுவேலை பெரும்பாலும் சீனர் கையில் இருந்தது. காற்றுப் புகுவதற்காகப் பூவும் கொடியுமாகத் துளைத்தெடுத்த சாளரப் பலகைகளை மலாய்த் தச்சர் செய்தனர். சங்குச்சிப்பி இழைத்த கருமர நாற்காலிகள் சீனச் செல்வர் வீடுகளில் இருந்தன. இவ்விரண்டையும் பார்த்துக்கொண்டு தமிழ்ப்பிள்ளை பள்ளிக்குப் போனான்.

பிற்காலத்தில் நிலை சற்று மாறியது. இடைநிலைப் பள்ளிகளில் 1989ஆம் ஆண்டுக் கலைத்திட்டம் வாழ்வியல் திறன் என்னும் பாடத்தைக் கொணர்ந்தது. இரும்புச் சட்டத்தில் பூட்டிய வளைவு ரம்பத்தால் ஒட்டுப்பலகையை அறுத்து, தாளால் தேய்த்து, வார்னிஷ் பூசிய ஒரு பொருளையேனும் வீட்டுக்குக் கொண்டு போகாத மாணவன் அக்காலத்தில் அரிது. 2017 முதல் அதன் இடத்தில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் படிப்படியாக வந்தது. கணினியில் வரைதலுக்கு அதில் இடம் மிகுதி. வரைவது நன்று. ஆனால் வரியின் குறுக்கே ரம்பம் போனால் மரம் ஏன் பிளக்கிறது என்பதைக் கணினித் திரை காட்டாது.

இன்று மின்விசையால் ஓடும் ரம்பம் மேசைமேல் வைத்துக்கொள்ளும் அளவில் கிடைக்கிறது. மேலும் கீழும் இரண்டு கைகள் இணையாக அசைய, நடுவே அலகு முறுக்குக் குறையாமல் ஓடுகிறது. இரண்டு கைகளும் பலகையைத் திருப்புவதற்கு ஓய்வாக இருப்பதே இதன் பெரிய வசதி. மேசையைச் சாய்க்கவும் வழி உண்டு. ஆகவே மேலே சொன்ன கணக்கை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மறுபுறம், லேசர் ஒளியால் வெட்டிய படங்களும், மரம்போல் அச்சடித்த தாளை ஒட்டிய போலிகளும் கடைகளை நிரப்புகின்றன. வேறுபாட்டை அறிவது கடினமன்று. படத்தைச் சாய்த்து ஒளியில் பார்க்க வேண்டும்: உண்மையான இழைப்பில் ஒவ்வொரு துண்டின் வரியும் தன் திசையில் தனித்து மின்னும், அச்சடித்ததில் முழுப்பரப்பும் ஒரே சீராக மினுங்கும். துண்டுகளின் ஓரமெல்லாம் ஒரே அளவாகத் தீய்ந்து பழுத்திருந்தால் அது பெரும்பாலும் லேசரின் வேலை. மணலில் வாட்டிய நிழலோ ஒரு பக்கம் மட்டும் கருத்து மெல்லக் கரையும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இதனைச் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர் மரத்துக்காக மைசூருக்குப் போக வேண்டியதில்லை. வெண்மைக்குப் பால்மரம், நாற்காலித் தொழிற்சாலைகள் கழிக்கும் துண்டுகளே போதும். மஞ்சளுக்கு நங்கா என மலாயர் வழங்கும் பலா. புத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் கொடுத்த மரம் அது, ஒளி பட்டால் சில ஆண்டுகளில் பழுப்பாகும். பழுப்புக்குத் தெருவோரத் தூங்குமூஞ்சி. செம்பொன் நிறத்துக்கு ஆங்சானா. சாலையெங்கும் நிழல் தரும் இந்த ஆங்சானா, குறிஞ்சிப் பாட்டுகளில் புலவர்கள் ஓயாமல் பாடிய வேங்கையின் நெருங்கிய உறவு என்பதைத் தமிழாசிரியர் பலர் அறியார். மஞ்சட்பூ உதிர்ந்து கிடக்கும் காலையில் பார்த்தால் விளங்கும். அதன் முடிச்சுக் கட்டைகளை ஐரோப்பியர் அம்போய்னா என்ற பெயரால் பொன்போல் விலை கொடுத்து வாங்கினர். கருமைக்கு, கரிமரம் என்று பொருள்படும் காயு ஆராங். பச்சை மட்டும் இங்கே கிடைக்காது. இத்தாலியரின் காளான் குளிர்நாட்டுக் காடுகளிலேயே மிகுதி. நம் பால்மரத்தில் படரும் பூஞ்சையோ நீலக்கறையை விட்டுப் பலகையைக் கெடுப்பதோடு சரி. ஆகவே இலைக்குச் சாயம் ஏற்றுவார் ஏற்றுவர். மற்றவர் காய்ந்த சருகின் நிறத்தோடு நிறுத்திக்கொள்வர்.